‘விற்பனைக்கு அல்ல’ என்னும் முத்திரையின் சட்ட மதிப்பு: நூல்களின் மதிப்புரைப் படிகளை மறுவிற்பனை செய்தல் குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நூல் வெளியாகுமுன் மதிப்புரையாளர், நூலகர், புத்தக வணிகர் ஆகியோர்க்கு விலையின்றி அனுப்பப்படும் படிகளின் அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்னும் தொடர் அச்சிடப்பட்டிருக்கும். இத்தொடர் சட்டத்தின் ஆற்றல் உடையதா, பதிப்பகத்தின் வேண்டுகோள் மட்டுந்தானா என்பது இக்கட்டுரையின் வினா. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் முதல் விற்பனைக் கோட்பாடு, 1908 ஆம் ஆண்டின் பாப்ஸ்–மெரில் வழக்கு, 2011 ஆம் ஆண்டின் அகஸ்டோ வழக்கு ஆகியவற்றின் வழி இவ்வினா ஆராயப்படுகிறது. படியின் உடைமை பெறுநருக்கு மாறியதா என்பதே வழக்கைத் தீர்மானிக்கும். அட்டையில் உள்ள முத்திரை தீர்மானிக்காது என்பது கட்டுரையின் முடிபு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு இவ்விடத்தில் கொண்டுள்ள சொல்லாட்சி தனிக் கவனத்திற்குரியது என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, முதல் விற்பனைக் கோட்பாடு, மதிப்புரைப் படி, உடைமை, உரிமம், கொடை, மறுவிற்பனை.

முன்னுரை

அமெரிக்க, பிரித்தானியப் பதிப்பகங்கள் ஒரு நூல் கடைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அதன் முன்படிகளை அச்சிட்டு அனுப்புகின்றன. இவை பெரும்பாலும் மெல்லிய அட்டையுடன், ‘திருத்தப்படாத மெய்ப்பு’ என்னும் குறிப்புடன் அமையும். நூல் வெளியாகும் நாளில் மதிப்புரைகளும் வெளிவந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். மதிப்புரை எழுதி முடிந்தபின் அப்படி என்னாகிறது? சிலர் வைத்துக்கொள்கின்றனர், சிலர் நண்பருக்குக் கொடுக்கின்றனர், சிலர் பழைய புத்தகக் கடைக்கு விற்றுவிடுகின்றனர். நியூயார்க் நகரின் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடை, மதிப்புரையாளர்களிடமிருந்து இத்தகைய படிகளை வாங்கி விற்பதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

இவ்வணிகம் சில்லறை வணிகமாக மட்டும் நின்றுவிடவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற நூல்களின் முன்படிகள் சேகரிப்பாளர்களிடையே பெருவிலை பெறுகின்றன. 1997 ஆம் ஆண்டு ஜே. கே. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நூலுக்கு அச்சிடப்பட்ட முன்படியின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் பெயர் ‘ஜே. ஏ. ரௌலிங்’ எனப் பிழையாக இடம்பெற்றிருந்தது. அப்பிழையே இன்று அப்படியை இனங்காட்டும் அடையாளமாகவும் அதன் விலையை உயர்த்தும் காரணமாகவும் ஆகியுள்ளது. விலையின்றித் தரப்பட்ட ஒரு பொருளுக்குப் பெருவிலை கிடைக்குமிடத்து, அதனை விற்கும் உரிமை யாருக்கு என்னும் வினா எழுவது இயல்பே.

1. படைப்பும் படியும்

இச்சிக்கலை விளங்கிக்கொள்ள ஓர் அடிப்படை வேறுபாட்டை முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும். நூல் என்னும் சொல் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, ஆசிரியர் இயற்றிய படைப்பு. மற்றொன்று, அப்படைப்பு அச்சேறிய தாளும் அட்டையும் கொண்ட பருப்பொருள். முன்னதன் மீதான உரிமை பதிப்புரிமை. பின்னதன் மீதான உரிமை பொருளுடைமை. கடையில் ஒரு நாவலை வாங்குபவர் பின்னதை மட்டுமே பெறுகிறார். அதனை அவர் மறுபதிப்புச் செய்யவோ மொழிபெயர்த்து வெளியிடவோ இயலாது. ஆயினும் அந்த ஒரு படியை வைத்துக்கொள்ளவும், பிறருக்குக் கொடுக்கவும், விற்கவும், எடைக்குப் போடவும் அவருக்கு முழு உரிமை உண்டு.

படைப்பின் படிகளை மக்களிடையே பரப்பும் உரிமையும் பதிப்புரிமையின் ஒரு கூறே. எனவே இரண்டு உரிமைகளும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. பரப்பும் உரிமை ஒவ்வொரு கைமாற்றத்தையும் கட்டுப்படுத்துமாயின், பழைய புத்தகக் கடையும் இரவல் தரும் நூலகமும் பதிப்பகத்தின் இசைவின்றி இயங்க முடியாது. குறிப்பிட்ட ஒரு படியைப் பொறுத்தவரை, உரிமையாளர் அதன் உடைமையை ஒருமுறை மாற்றிக்கொடுத்தவுடன் அவருடைய பரப்பும் உரிமை தீர்ந்துவிடுகிறது என்பதே இதற்குச் சட்டம் கண்ட தீர்வு. இதனை அமெரிக்கச் சட்டத்துறையினர் முதல் விற்பனைக் கோட்பாடு என்பர்.

2. பாப்ஸ்–மெரில் வழக்கு

இக்கோட்பாடு பிறந்ததே ஒரு நூலில் அச்சிடப்பட்ட முத்திரை வாசகத்தால்தான். ஹாலி எர்மினி ரைவ்ஸ் எழுதிய ‘தி காஸ்டவே’ என்னும் நாவலை வெளியிட்ட பாப்ஸ்–மெரில் நிறுவனம், அதன் பதிப்புரிமைக் குறிப்பிற்குக் கீழே ஓர் அறிவிப்பை அச்சிட்டது. நூலின் சில்லறை விலை 1 டாலர் என்றும், அதற்குக் குறைவாக விற்க எவருக்கும் உரிமம் இல்லை என்றும், மீறி விற்பது பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படும் என்றும் அது கூறியது. மேசிஸ் பேரங்காடியை நடத்திய ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அந்நாவலை 89 சென்ட்டுக்கு விற்றனர். பதிப்பகம் வழக்குத் தொடுத்தது.

1908 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்பகத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. பதிப்பகம் தன் படிகளை மொத்த வணிகருக்கு விற்று, அதற்குரிய விலையையும் பெற்றுவிட்டது. அதன்பின், தன்னோடு எவ்வித ஒப்பந்த உறவும் இல்லாத மறுவிற்பனையாளரை ஓர் அச்சிட்ட அறிவிப்பால் மட்டும் கட்டுப்படுத்தும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு வழங்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அங்கு விற்பனைக்குரிய படி பேசப்பட்டது. விலை பற்றிய நிபந்தனை பேசப்பட்டது. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் நெறி பரந்தது: அட்டையிலோ உட்பக்கத்திலோ பதிப்பகம் அச்சிடும் வாசகம், தன்னளவில் எவரையும் பிணிக்கும் சட்டமாகிவிடாது.

இந்நெறி அடுத்த ஆண்டே, அதாவது 1909 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், இடம்பெற்றது. இன்று நடைமுறையில் உள்ள 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு அதனை இவ்வாறு வகுக்கிறது: சட்டப்படி உருவாக்கப்பட்ட ஒரு படியின் உடைமையாளர், பதிப்புரிமையாளரின் இசைவின்றியே அப்படியை விற்கலாம், வேறு வகையிலும் கைமாற்றலாம். அதே பிரிவின் பிறிதோர் உட்பிரிவு ஒரு வரம்பையும் இடுகிறது. வாடகையாகவோ குத்தகையாகவோ இரவலாகவோ பெற்று, உடைமையை அடையாமல் கைவசம் மட்டும் வைத்திருப்பவருக்கு இச்சலுகை இல்லை.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். கோட்பாட்டின் பெயரில் ‘விற்பனை’ இருப்பினும் சட்ட வாசகம் உடைமையையே அளவுகோலாகக் கொள்கிறது. எனவே விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டுமன்றிக் கொடையாகப் பெற்றவருக்கும் இப்பிரிவு பொருந்தும். மதிப்புரைப் படிக்கு எவரும் விலை கொடுக்கவில்லை என்னும் வாதம் அமெரிக்கச் சட்டத்தில் வலுவற்றுப் போவது இதனாலேயே.

3. அகஸ்டோ வழக்கு: உரிமமா, கொடையா?

ஆகவே பதிப்பகங்களுக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் எஞ்சிய வாதம் ஒன்றே: “நாங்கள் படியைக் கொடுக்கவில்லை, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே கொடுத்தோம், உடைமை எங்களிடமே உள்ளது.” இவ்வாதம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது இசைக் குறுந்தகடுகள் தொடர்பான வழக்கில் ஆகும்.

யூனிவர்சல் இசை நிறுவனம் தன் புதிய இசைத்தொகுப்புகளின் விளம்பரக் குறுந்தகடுகளை விமர்சகர்களுக்கும் வானொலி நிலையத்தாருக்கும் அஞ்சலில் அனுப்பிவந்தது. அவற்றுள் பலவற்றின் உறையில், குறுந்தகடு நிறுவனத்தின் உடைமை என்றும், பெறுநருக்குத் தனிப்பட்ட பயன்பாட்டிற்கான உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்றும், இதனை ஏற்பதே நிபந்தனைகளுக்கு உடன்படுவதாகும் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. ட்ராய் அகஸ்டோ என்பவர் இத்தகைய குறுந்தகடுகளைப் பிறரிடமிருந்து பெற்று ஈபே தளத்தில் ஏலத்தில் விற்றார். நிறுவனம் பதிப்புரிமை மீறல் வழக்குத் தொடுத்தது. 2008 இல் கலிஃபோர்னியா நடுவண் மாவட்ட நீதிமன்றம் அகஸ்டோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரியில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

நீதிமன்றம் உறையில் இருந்த சொற்களோடு நின்றுவிடாமல் கைமாற்றம் நிகழ்ந்த முறையை ஆராய்ந்தது. குறுந்தகடுகள் பெறுநருடன் எந்த முன் ஏற்பாடும் இன்றி அனுப்பப்பட்டன. அவற்றுக்கு எண் இடப்படவில்லை. யாரிடம் எது உள்ளது என்று நிறுவனம் கண்காணிக்கவில்லை. திருப்பித் தருமாறு கேட்கவும் இல்லை. நிபந்தனைகளுக்குப் பெறுநர் உடன்பட்டார் என்பதற்கும் சான்றில்லை. அனுப்பியதைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளுதல் உடன்பாடு ஆகாது. கேட்காமல் அஞ்சலில் வந்த பொருளைப் பெறுநர் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்னும் கூட்டாட்சிச் சட்டமும் இம்முடிவுக்குத் துணைநின்றது. இக்காரணங்களால் குறுந்தகடுகளின் உடைமை பெறுநருக்கு மாறிவிட்டது என்றும், அவற்றை மறுவிற்பனை செய்தல் மீறல் ஆகாது என்றும் நீதிமன்றம் முடிவுசெய்தது.

இத்தர்க்கத்தை அச்சு நூலின் மதிப்புரைப் படிக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. பெரும்பாலான முன்படிகள் எண் இடப்படாமல், திரும்பப் பெறும் எண்ணமின்றி அனுப்பப்படுகின்றன. ஆகவே, ‘விற்பனைக்கு அல்ல’ என்னும் முத்திரை இருந்தும் அவற்றின் உடைமை பெறுநருக்கே உரியது என்று கொள்வதற்கு வலுவான அடிப்படை உண்டு. ஒரு வேறுபாட்டையும் சுட்ட வேண்டும். இன்று மதிப்புரையாளர் பலர் தாமே எழுதிக்கேட்டுப் படியைப் பெறுகின்றனர். அவ்விடத்துக் ‘கேட்காமல் வந்த பொருள்’ என்னும் காரணம் பொருந்தாது. ஏனைய காரணங்கள் பொருந்தும்.

4. மறுவிற்பனை தவறாகும் இடங்கள்

மேற்கண்ட முடிபை எல்லாப் படிகளுக்கும் ஒரே தன்மையில் விரித்துவிடலாகாது. நான்கு சூழல்களில் நிலைமை மாறுகிறது.

முதலாவது, உண்மையான இரவல். ஒவ்வொரு படிக்கும் எண் இட்டு, பெறுநரிடம் கையொப்பம் பெற்று, குறித்த நாளில் திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்குமாயின் உடைமை மாறுவதில்லை. அத்தகைய படியை விற்பது பிறர் பொருளை விற்பதாகும்.

இரண்டாவது, வெளிப்படையான ஒப்பந்தம். வெளியீட்டு நாள் வரை உள்ளடக்கத்தை வெளியிடேன், படியைப் பிறருக்குக் கொடேன் என்று மதிப்புரையாளர் எழுதிக் கொடுத்திருப்பின் அவ்வாக்கு அவரைப் பிணிக்கும். அதனை மீறுவது ஒப்பந்த மீறல். ஆயின் ஒப்பந்தம், அதில் கையொப்பமிட்டவரையே பிணிக்கும். அவரிடமிருந்து வாங்கிய பழைய புத்தக வணிகரைப் பிணிக்காது.

மூன்றாவது, களவு. அச்சகத்திலிருந்தோ அஞ்சலிலிருந்தோ திருடப்பட்ட படியை விற்பவர் அதன் உடைமையாளர் அல்லர். எனவே 109 ஆம் பிரிவு அவருக்குத் துணைவராது.

நான்காவது, மின்படி. நெட்கேலி போன்ற தளங்கள் வழியாக வழங்கப்படும் மின்மதிப்புரைப் படிகள் தளத்தின் நிபந்தனைகளை ஏற்ற பின்னரே திறக்கப்படுகின்றன. மேலும், ஒரு மின்கோப்பை மற்றொருவருக்கு மாற்றும்போது புதிய படி ஒன்று உருவாகிறது. அது பரப்புதலோடு நில்லாமல் படியெடுத்தலும் ஆகிறது. இசைக் கோப்புகளின் மறுவிற்பனை தொடர்பான ரீடிஜி வழக்கில், 2018 இல் இரண்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்காரணத்தைக் கொண்டே மறுவிற்பனையை மீறல் எனக் கண்டது. ஆகவே, தாளில் உள்ள உரிமை திரையில் இல்லை.

இவற்றோடு வணிகத் தளங்களின் விதிகளையும் பிரித்தறிதல் வேண்டும். அமேசான் தன் தளத்தில் முன்படிகளையும் திருத்தப்படாத மெய்ப்புகளையும் விற்பனைக்கு இடுவதைத் தடைசெய்கிறது. அது அத்தளத்திற்கும் விற்பனையாளருக்கும் இடையிலான விதி. அதனை மீறுபவர் தளத்தில் தம் கணக்கை இழக்கலாம். அதனாலேயே அவர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடார்.

5. ஐரோப்பிய ஒன்றியத்தின் நோக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறியாணையும், உரிமையாளரோ அவர் இசைவு பெற்றவரோ முதல் விற்பனை செய்தாலோ பிறவகையில் உடைமையை மாற்றினாலோ பரப்பும் உரிமை தீரும் என்கிறது. இங்கும் கொடைக்கு இடமுண்டு. ஆயினும் வணிகக்குறிச் சட்டத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் வேறு திசையில் சென்றுள்ளது. 2011 இல் லோரியால் நிறுவனம் ஈபேக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகக் கடைகளுக்கு விலையின்றித் தரப்பட்ட நறுமணப் பொருள்கள், மாறான சான்று இல்லாதவிடத்து, சந்தையில் விடப்பட்டவையாகா என்று அது கருதியது. ‘விற்பனைக்கு அல்ல’ என்னும் குறிப்பு உரிமையாளரின் எண்ணத்தைக் காட்டும் சான்றாக ஏற்கப்படக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஒரே தொடர் சட்டத்தின் ஒரு கிளையில் வெறும் வேண்டுகோளாகவும் மற்றொரு கிளையில் சான்றாகவும் நிற்கிறது.

6. இந்தியச் சட்டத்தின் சொல்லாட்சி

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, இலக்கியப் படைப்பின் படிகளை மக்களுக்கு வழங்கும் உரிமையைப் பதிப்புரிமையாளருக்குத் தருகிறது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகள் அவ்வுரிமையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. அப்பிரிவின் விளக்கக்குறிப்பு, ஒருமுறை விற்கப்பட்ட படி புழக்கத்தில் உள்ள படியாகக் கருதப்படும் என்கிறது. அமெரிக்கச் சட்டம் உடைமையைப் பேசுமிடத்தில் இந்தியச் சட்டம் விற்பனையைப் பேசுகிறது. மதிப்புரைப் படியோ விற்கப்படாத படி. இதனால் இரண்டு வகையான வாசிப்புகளுக்கு இடம் உண்டாகிறது.

முதல் வாசிப்பு சொல்லைச் சொல்லாகவே கொள்வது. விற்கப்பட்ட படி மட்டுமே புழக்கத்தில் உள்ள படி. மதிப்புரைப் படி விற்கப்படவில்லை. எனவே அதன் முதல் விற்பனை பதிப்புரிமையாளரின் இசைவை வேண்டி நிற்கிறது. இரண்டாம் வாசிப்பு, விளக்கக்குறிப்பை வரையறையாகக் கொள்ளாமல் ஐயத்தை நீக்கும் கருதுகோளாகக் கொள்வது. விற்கப்பட்ட படியைப் புழக்கத்தில் உள்ளதாகக் கருத வேண்டும் என்பதால், கொடுக்கப்பட்ட படி புழக்கத்தில் இல்லை என்றாகிவிடாது. பதிப்பகமே தன் விருப்பத்தால் வெளியில் அனுப்பிய படி, இயல்பான பொருளிலேயே புழக்கத்திற்கு வந்துவிட்டது.

இரண்டாம் வாசிப்புக்குச் சொத்துச் சட்டம் வலுவூட்டுகிறது. 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 122, 123 ஆம் பிரிவுகளின்படி அசையும் பொருளைக் கையளிப்பதாலும் பெறுநர் ஏற்பதாலும் கொடை நிறைவுறும். கைமாற்றும் உரிமையை முற்றிலும் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்று 10 ஆம் பிரிவு கூறுகிறது. முழு உரிமையையும் கொடுத்துவிட்டு அதனை இன்னவாறு அனுபவிக்க வேண்டும் என்று பணித்தால், அப்பணிப்பு இல்லாததுபோல் பெறுநர் நடந்துகொள்ளலாம் என்று 11 ஆம் பிரிவு கூறுகிறது. ‘படி உமக்கே, ஆனால் விற்காதீர்’ என்னும் முத்திரையை இவ்விரு பிரிவுகளின் ஒளியில் படித்தால் அதன் பிணிப்பு பெரிதும் தளர்ந்துவிடுகிறது.

இவ்விரண்டனுள் இரண்டாம் வாசிப்பே பொருத்தமுடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நூல் வெளியாகுமுன் சிறு வட்டத்தினருக்கு மட்டும் அனுப்பப்பட்ட திருத்தப்படாத படி, பொதுமக்களிடையே புழக்கத்திற்கு வந்துவிட்டது என்று வாதிடுவது கடினம். நூல் வெளியான பின்னர் அத்தடை இல்லை. எனவே வெளியீட்டு நாளுக்கு முன்னர் விற்பதற்கும் பின்னர் விற்பதற்கும் சட்ட நோக்கில் வேறுபாடு உண்டு.

தமிழிதழ்களின் வழக்கம் இதிலிருந்து சற்று மாறுபட்டது. மதிப்புரைக்கு இரு படிகள் அனுப்புமாறு இதழ்கள் கேட்பது நெடுநாள் வழக்கம். அங்கு அனுப்பப்படுபவை வெளியான நூலின் விற்பனைப் படிகளே. மெய்ப்புப் படிகள் அல்ல. இவ்விடத்து உடைமையாளர் யார் என்பதே முதன்மை வினா. இதழின் பெயருக்கு வந்த படி இதழுக்கும், துறையின் பெயருக்கு வந்த மாதிரிப் படி கல்வி நிறுவனத்திற்கும் உரியவை. அவற்றைத் தனியொருவர் விற்றால், அது பதிப்புரிமைச் சிக்கல் ஆகாமல் நிறுவனச் சொத்தைக் கையாண்ட சிக்கலாகும்.

7. சட்டமும் ஆய்வறமும்

சட்டம் இடந்தருவதெல்லாம் செய்யத்தக்கது என்று கொள்ள வேண்டியதில்லை. விலையின்றி வழங்கப்படும் படிக்கு ஆசிரியருக்கு உரிமத்தொகை கிடைப்பதில்லை. வெளியீட்டு நாளிலேயே அதே நூலின் மதிப்புரைப் படி பாதி விலைக்குக் கிடைக்குமாயின், குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் சிறு பதிப்பகத்திற்கு அது உண்மையான இழப்பு. அவ்விழப்பு தொடருமாயின் பதிப்பகங்கள் படி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும்; மதிப்புரை மரபே அதனால் நலியும்.

மறுபக்கமும் எண்ணத்தக்கது. முத்திரையே சட்டம் என்று ஆகிவிட்டால் முன்படிகள் அனைத்தும் எடைக்கடையில் முடியும். திருத்தப்படாத மெய்ப்புக்கும் இறுதிப் பதிப்புக்கும் இடையிலுள்ள பாட வேறுபாடுகள், ஆசிரியர் எதனை நீக்கினார், எதனைச் சேர்த்தார், எதனை மாற்றினார் என்பதற்கான முதன்மைச் சான்றுகள். அவை ஆய்வு நூலகங்களைச் சென்றடைவது பெரும்பாலும் சேகரிப்பாளர், பழைய புத்தக வணிகர் ஆகியோர் வழியாகத்தான். மறுவிற்பனை உரிமை பாட ஆய்வுக்கும் துணைநிற்கிறது. அதே வேளையில், முன்படியிலிருந்து மேற்கோள் எடுக்கும் ஆய்வாளர் அதனை இறுதிப் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது. ஆசிரியர் கைவிட்ட தொடரை அவருடைய கருத்தாகக் காட்டுவது, படியை விற்பதினும் பெரிய தவறாகும்.

முடிவுரை

‘விற்பனைக்கு அல்ல’ என்னும் முத்திரை தன்னளவில் சட்டம் அன்று. அமெரிக்கச் சட்டத்தில் பதிப்பகம் படியின் உடைமையை விட்டுக்கொடுத்ததா என்பதே வினா; அதற்கான விடை அட்டையில் இல்லை, அனுப்பிய முறையில் உள்ளது. எண் இட்டு, ஒப்பம் பெற்று, திரும்பக் கேட்கும் பதிப்பகம் தன் உடைமையைக் காத்துக்கொள்கிறது. முத்திரையை மட்டும் நம்பி அனுப்பும் பதிப்பகம் கொடையே செய்கிறது. இந்தியச் சட்டத்தில் விளக்கக்குறிப்பின் ‘விற்கப்பட்ட’ என்னும் சொல் ஐயத்திற்கு இடமளிக்கிறது. அச்சொல்லுக்குப் பின் ‘அல்லது பிறவகையில் உடைமை மாற்றப்பட்ட’ என்னும் தொடர் சேர்க்கப்படுமாயின் அவ்வையம் நீங்கும். மதிப்புரையாளர்களும் நூலகங்களும் பழைய புத்தக வணிகர்களும் தம் நிலையைத் தெளிவாக அறிந்து செயற்பட அச்சிறு திருத்தம் போதுமானது.